இயற்கை உணவு, குறைந்த ரசாயனம்: முதலில் எதை மாற்றுவது?

தூக்கம்கெட்டவன்:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. ராத்திரி கைபேசியில் எதையாவது படிப்பேன், காலையில் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று வெளியே போகும். முதலில் நான்ஸ்டிக் வாணலி போனது. அப்புறம் பிளாஸ்டிக் டப்பாக்கள், வாசனை மெழுகுவர்த்தி, உணவில் சேர்க்கும் பொருளைக் குறிக்கும் ‘ஈ’ எண் பொட்டலத்தில் போட்ட அத்தனையும். போன வாரம் பற்பசை. என் மனைவி பொறுமைசாலிதான். ஆனாலும் பற்பசையைக் குப்பையில் பார்த்ததும் “அடுத்தது நானா?” என்று கேட்டுவிட்டாள்.

எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஏதாவது சிலதைத்தான் மாற்ற முடியும் என்றால் எதை முதலில் மாற்றுவது? ஆப்பிளைத் தோலோடு கொடுக்கலாமா? குழந்தைகள் காப்பகத்தில் மதிய உணவை நாங்கள் கொடுத்துவிடும் டப்பாவோடு மைக்ரோவேவில் வைக்கிறார்கள், அது சரியா? உடம்பில் ஏற்கெனவே சேர்ந்ததை வெளியேற்றும் என்று சொல்லி உறவினர் ஒருவர் ஒரு ‘டிடாக்ஸ்’ பொடி கொடுத்திருக்கிறார். அது இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

பச்சைக்கிளி:

ரொம்ப யோசிக்காதீர்கள் சகோ. வாயில் நுழையாத பெயர் பொட்டலத்தில் இருந்தால் வாங்காதீர்கள், அவ்வளவுதான். பழங்களை வினிகரும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் ஊறவையுங்கள், எல்லா விஷமும் நுரையோடு போய்விடும். இயற்கையாக விளைந்தது எதுவும் கெடுதல் செய்யாது. பொடியையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், மூலிகைதானே.

ஆய்வகத்து ஆந்தை:

தம்பி, முதல் வேலையாகப் பற்பசையைத் திரும்ப வாங்குங்கள். இந்த வயதில் ஃபுளூரைடு பற்பசை ஓர் அரிசி மணி அளவு போதும். ஆனால் அந்த அரிசி மணி வேண்டும்.

உணவில் இருக்கும் பூச்சிக்கொல்லி எச்சம், பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் சமாச்சாரங்கள் இவற்றைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. பிளாஸ்டிக்கை நெகிழவைக்கச் சேர்க்கும் தாலேட்டுகளைத் தேடும் நாட்களில், மாதிரி எதையும் போடாமல் வெறும் கரைப்பானை மட்டும் முதலில் கருவியில் ஓட்டுவோம். திரையில் கோடு தட்டையாகப் போக வேண்டும். போகாது. தாலேட் வர வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு முகடு எழும்பி நிற்கும். கையுறையிலிருந்து வந்திருக்கலாம், குப்பியின் மூடியிலிருந்து வந்திருக்கலாம், அறைக் காற்றிலிருந்தே வந்திருக்கலாம். கண்ணாடிச் சாமான்களை உலையில் சுட்டெடுத்து, பிளாஸ்டிக் பக்கமே போகாமல் வேலை செய்தாலும் அந்த முகடு குறையுமே தவிர முழுசாகப் போகாது. அதைக் கழித்துக்கொண்டுதான் கணக்கே போடுவோம். இப்படி ஓர் அறையிலேயே பூஜ்யம் கிடைப்பதில்லை. உங்கள் சமையலறையில் நிச்சயம் கிடைக்காது. அந்த ஆசையை விட்டால் பாதித் தூக்கம் திரும்பிவிடும்.

சரி, எதைத்தான் மாற்றுவது? பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்கு இறங்குவதை மூன்று விஷயங்கள் கூட்டும்: சூடு, கொழுப்பு, நேரம். உலர்ந்த தானியம் பிளாஸ்டிக் ஜாடியில் குளிர்ச்சியாகக் கிடந்தால் கிடக்கட்டும். எண்ணெயோ நெய்யோ கலந்த சூடான சாப்பாடு பிளாஸ்டிக் டப்பாவில் போவதுதான் முதலில் நிற்க வேண்டியது. காப்பக விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. ‘மைக்ரோவேவுக்கு ஏற்றது’ என்ற முத்திரையைப் பாத்திரம் உருகாது, வளையாது என்ற அளவுக்கு நம்புங்கள். ஒன்றுமே இறங்காது என்று அதற்கு அர்த்தமில்லை. சாப்பாட்டைப் பீங்கான் தட்டுக்கு மாற்றிச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள். ‘பிஸ்பினால் ஏ இல்லாதது’ என்று எழுதியிருக்கிறதே என்பீர்கள். கெட்டிப் பிளாஸ்டிக்கிலும் உணவு டின்களின் உள்பூச்சிலும் இருக்கும் ரசாயனம் அது. பல இடங்களில் அதற்குப் பதிலாக வந்தது பிஸ்பினால் எஸ், அதே குடும்பம்தான்.

பொடியைப் பற்றி. 2011இல் அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு, டின் உணவும் பிளாஸ்டிக் பொட்டலமும் இல்லாமல், புதிதாகச் சமைத்ததை மட்டும் மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பிஸ்பினால் ஏ அளவு சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஒரு பொடியும் கொடுக்கவில்லை. வரத்து நின்றால் போதும், ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும் பொருள் அது. நான்ஸ்டிக் தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. போன்ற சில ஃபுளூரின் சேர்மங்கள் அப்படி இல்லை, உடம்பில் பாதியாகக் குறையவே வருஷக்கணக்கில் ஆகும். அதற்கும் எந்தப் பொடியும் வழி சொல்லாது. என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத ஒரு பொடியைக் குழந்தை இருக்கும் வீட்டில் பிரிக்காதீர்கள்.

பச்சைக்கிளிக்கு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். வினிகரையும் சோடாவையும் கலந்தால் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொள்ளும். நுரை அடங்கியதும் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர், அவ்வளவே. சோடா தனியாக வேலை செய்யும். 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிள் மேல் இரண்டு பூச்சிக்கொல்லிகளைத் தடவிச் சோதித்தார்கள். லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது மேல்தோலில் இருந்தது போய்விட்டது. ஆனால் அதில் ஒன்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தோலுக்குள் இறங்கியிருந்தது, அதைக் கழுவி எடுக்க முடியவில்லை. ஓடும் தண்ணீரில் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலோடு கொடுங்கள். நேரமிருந்தால் சோடா. சோப்பு மட்டும் வேண்டாம், பழத்தோல் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆர்கானிக் என்றால் மருந்தே அடிக்காதது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த முறையிலும் செம்பு உப்புகள், பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரின் போன்றவற்றுக்கு அனுமதி உண்டு. ஆனாலும் செயற்கைப் பூச்சிக்கொல்லி எச்சம் பொதுவாகக் குறைவு, அதை மறுக்க மாட்டேன். உங்கள் மகள் தினமும் தோலோடு சாப்பிடுகிற ஒன்றிரண்டு பழங்களை அப்படி வாங்கினால் போதும். உரித்துச் சாப்பிடுவதற்கெல்லாம் அந்தப் பணத்தைப் போட வேண்டாம். ஆர்கானிக் கட்டுப்படியாகவில்லை என்று பழத்தையே குறைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு.

எழுத வந்த வேகத்தில் ஒன்று விட்டுப்போனது. 2013இல் சியாட்டில் பக்கம் இதே மாதிரி ஒரு சோதனை. பிளாஸ்டிக் படாமல் சமைத்த புதிய உணவைச் சில குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். தாலேட் குறையும் என்று பார்த்தால் பல மடங்கு ஏறிவிட்டது! பொருட்களைச் சோதித்தால் அரைத்த கொத்தமல்லித் தூளில் எக்கச்சக்கமாக இருந்தது, பாலிலும் வெண்ணெயிலும்கூட இருந்தது. செடியிலும் மாட்டிலும் குற்றமில்லை. நிலத்திலிருந்து தட்டுக்கு வரும் வழியில் எந்த இயந்திரத்தில் அரைபட்டது, எந்தக் குழாய் வழியாக ஓடியது என்பதைப் பொட்டலத்தில் எழுத மாட்டார்கள். அதனால் என் வீட்டில் ஒரே பிராண்டைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை. மாற்றி மாற்றி வாங்குவோம், முழுசாகக் கிடைப்பதை முழுசாக வாங்கி வீட்டில் அரைப்போம்.

தூக்கம்கெட்டவன்:

அக்கா, ரொம்ப நன்றி. இதை மனைவிக்கும் படித்துக் காட்டினேன். இனி நீங்கள் சொல்வதை மட்டும்தான் கேட்க வேண்டுமாம். இன்னும் மூன்று சந்தேகம். நான்ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டது சரிதானா? ‘ஈ’ எண்கள்? வெள்ளை அரிசியை விட்டுத் தவிட்டோடு இருக்கும் அரிசிக்கு மாறிவிட்டோம், அதாவது தேறுமா?

ஆய்வகத்து ஆந்தை:

போனது போகட்டும், திரும்ப வாங்க வேண்டாம். ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. அந்தப் பூச்சு சாதாரணச் சமையல் சூட்டில் சும்மா கிடக்கும். வெறும் வாணலியை அடுப்பில் மறந்து 260 டிகிரி செல்சியஸைத் தாண்டவிட்டால்தான் சிதையத் தொடங்கும். அந்தப் புகையில் வீட்டுக் கிளிகள் செத்தே போகும். பூச்சு தயாரிப்பில் உதவிய பி.எஃப்.ஓ.ஏ.தான் பெரிய தலைவலி. 2019இல் அதை, எளிதில் அழியாத நச்சுப் பொருட்களுக்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள்.

‘ஈ’ எண் என்பது ஒரு பதிவெண். ஈ300 வைட்டமின் சி, ஈ330 எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலம். ஈ250 சோடியம் நைட்ரைட், பதப்படுத்திய இறைச்சியில் போடுவது. அந்த வகை இறைச்சியை 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. சில நிறுவனங்கள் ஈ250ஐ எடுத்துவிட்டு செலரிக் கீரைச் சாற்றைச் சேர்த்து ‘நைட்ரைட் சேர்க்கவில்லை’ என்று போடுகின்றன. அந்தச் சாற்றின் நைட்ரேட்டும் கடைசியில் அதே நைட்ரைட்டாகத்தான் மாறுகிறது. வாயில் நுழையும் பெயர், வேலை ஒன்றுதான். எண்ணைத் தேடுவதைவிடப் பொருட்பட்டியலின் முதல் மூன்று பெயர்களைப் பாருங்கள், எடை அதிகமானதுதான் முதலில் வரும். அங்கே சர்க்கரை உட்கார்ந்திருந்தால் மற்ற ஆராய்ச்சி தேவையில்லை.

அரிசிக்கு வருவோம். நெல் வயல் தண்ணீரில் நிற்பதால் மண்ணிலிருக்கும் ஆர்சனிக் என்ற நஞ்சை மற்ற தானியங்களைவிட அதிகமாக இழுத்துக்கொள்ளும். அதில் கணிசமான பங்கு தங்குவது தவிட்டில். ஆக தவிட்டோடு இருப்பதில் நார்ச்சத்தும் கூட, ஆர்சனிக்கும் கூட. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் நன்றாகக் குறையும், கூடவே கொஞ்சம் வைட்டமினும் போகும். மூன்று வேளையும் அரிசியாகவே கொடுக்காமல் கோதுமை, ஓட்ஸ், சோளம் என்று சுற்றிவிடுங்கள்.

துடைப்பம்:

இடையில் நுழைகிறேன். பெரிய கட்டிடங்களில் துப்புரவு வேலையை மேற்பார்வை பார்க்கிறவன் நான். தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், இரண்டு வயதுக் குழந்தை பாதி நாள் தரையில்தானே இருக்கும்? பழைய பெயின்ட்டின் ஈயம், சோபா நுரையில் போடும் தீத்தடுப்பு ரசாயனம், அக்கா சொல்கிற தாலேட் எல்லாம் கடைசியில் வந்து படிவது வீட்டுத் தூசியில். அந்தக் கையைத்தான் குழந்தை வாயில் வைக்கிறது. உலர் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி படியும், ஈரத் துணியால் துடையுங்கள். வெளியே போட்ட செருப்பு வாசலோடு நிற்கட்டும். சாப்பிடும் முன் கை கழுவுங்கள், சாதாரண சோப்பு போதும். கிருமிநாசினி சோப்பில் போட்ட டிரைக்ளோசானை அமெரிக்காவில் 2016இலேயே விலக்கிவிட்டார்கள். சாதாரண சோப்பைவிட அது மேல் என்று தயாரித்தவர்களால் காட்ட முடியவில்லை.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். இயற்கை முறையில் சுத்தம் செய்கிறேன் என்று வினிகரைக் கையில் எடுப்பவர்கள் பிளீச்சிங் திரவத்தோடு அதைச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கழிவறைக் கோப்பையில் பிளீச் ஊற்றியிருந்தான், கறை போகவில்லை என்று மேலேயே வினிகரையும் கவிழ்த்தான். கதவு சாத்தியிருந்தது. இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தவனுக்குக் கண் திறக்க முடியவில்லை, சாயங்காலம் வரை நெஞ்செரிச்சல். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பானும் பிளீச்சோடு சேரக் கூடாது.

வாசனைப் பொருட்களை விட்டது நல்லது, அதில் உங்களுக்கு முழு ஆதரவு. ‘வாசனை’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் பல டஜன் பொருட்கள் ஒளிந்திருக்கலாம். ஆனால் ‘இயற்கை எலுமிச்சை மணம்’ என்று எழுதியதை அதற்குப் பதிலாக வாங்காதீர்கள். அந்த மணத்தைத் தரும் லிமோனின் காற்றிலிருக்கும் ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். சுத்தமான வீட்டுக்கு வாசனையே கிடையாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பச்சைக்கிளி:

எல்லோரும் சேர்ந்து என்னைக் கும்மிவிட்டீர்கள். சரி, சோடா விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயற்கையில் விளைந்ததைப் பச்சையாகச் சாப்பிடுவதுதான் உடம்புக்கு நல்லது என்பதில் மாற்றமில்லை.

ஆய்வகத்து ஆந்தை:

பழம், கீரை என்றால் பெருமளவு சரிதான். ராஜ்மாவில் முயற்சி செய்யாதீர்கள். வேகாத ராஜ்மா நாலைந்து கொட்டை போதும், சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வரும். அதிலிருக்கும் லெக்டின் என்ற புரதம் அப்படி. அஞ்சு மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஸ்லோ குக்கரில் அப்படியே போட்டால் அந்தச் சூடு வராமலே போகலாம், அரைவேக்காடு பச்சையைவிட மோசம். பச்சை ஓடிய உருளைக்கிழங்கு, பூசணம் பிடித்த வேர்க்கடலை இவையும் யாரும் ரசாயனம் அடிக்காமலே விஷமாகிறவைதான். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பதும் இதே வரிசை.

தூக்கம்கெட்டவன்:

காப்பகத்தில் பேசிவிட்டேன், பீங்கான் தட்டில் சூடாக்கித் தருகிறோம் என்றார்கள். ஸ்டீல் டப்பாவும் வாங்கிவிட்டோம். ஆனால் அக்கா, மூடியின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதே, அது?

ஆய்வகத்து ஆந்தை:

பெரும்பாலும் சிலிகானாக இருக்கும். சாப்பாடு அதில் படுவதே அபூர்வம், விடுங்கள். கழுவும்போது மட்டும் அதைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்துத் திரும்ப மாட்டுங்கள். அடியில் ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும். அந்த டப்பாவில் கவலைப்பட வேண்டியது அது ஒன்றுதான்.