ஸ்கீ போற நாளுக்கு எங்கட சாப்பாடு: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

சுவிஸ், நோர்வே, கனடா என்று புதுசா வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இது. ஸ்கீ (பனிச்சறுக்கு) போறதுக்கு உடுப்பும் சப்பாத்தும் என்ன வாங்கணும் என்று வேலையிடத்தில் எல்லாரும் சொல்லித் தருவாங்க. சாப்பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கிறதில்ல. பாணும் பிளேன்ரீயும் குடிச்சிட்டு மலை ஏறினா பகல் ஆகுமுன்னே கால் நடுங்கத் தொடங்கிடும்.

70 கிலோ ஆள் மலைச்சரிவில் சறுக்கினா மணிக்கு ஏறத்தாழ 350 முதல் 500 கலோரி வரை போகும். சமதரையில் தடியூன்றிப் போற ஸ்கீயில் 500 முதல் 800 வரை. ஊரில் வட்டைக்கு (வயலுக்கு) இறங்குறவங்க விடியவே வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு, மத்தியானச் சோத்தையும் கட்டிக்கொண்டுதான் போவாங்க. மலைக்கும் அந்த ஒழுங்கே சரி. ஆனா குளிரில் எங்கட சாப்பாடு வேற மாதிரி நடந்துகொள்ளும், அதை விளங்கித்தான் கட்டணும்.

காலைக்குப் பாற்சோறு நல்லது. ஆளுக்கு 100 கிராம் பச்சரிசியை 300 மில்லி தண்ணியில் உப்புப் போட்டுக் குழைய அவிச்சு, மறுகா ரின் தேங்காய்ப்பால் 100 மில்லி விட்டு மெல்லிய நெருப்பில் கிண்டுங்க. 30 கிராம் சீனி அல்லது சக்கரை சேர்த்தா 600 கலோரிக்கு மேல வரும். பாலை முதலே விட்டா அரிசி சரியா வேகாது, அடியும் பிடிக்கும். கூட ரெண்டு அவிச்ச முட்டை, ஒரு வாழைப்பழம். மலைக்கு மேல ஏத்துற லிப்டில் ஏற ரெண்டு மணித்தியாலத்துக்கு முதல் சாப்பிட்டு முடிக்கணும்.

மத்தியானச் சோறுதான் கூடப் பேருக்குப் பிழைக்கிற இடம். சோறு, புட்டு, இடியப்பம் எல்லாம் குளிர்ந்தா மாச்சத்து இறுகி மணல் மாதிரி ஆகும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழ உறையும், அதில் பொரிச்சதும் தாளிச்சதும் பெட்டிக்குள்ள வெள்ளையாப் படிஞ்சு வாயில் ஒட்டும். அதனால சூரியகாந்தி எண்ணெயில சமைச்சு, வாய் அகன்ற சாப்பாட்டு பிளாஸ்க்கில் கொண்டுபோங்க.

ரெண்டு பேருக்கு 150 கிராம் அரிசி, 75 கிராம் மைசூர்ப் பருப்பு, எலும்பில்லாத கோழித்தொடை இறைச்சி 200 கிராம், ஒரு உருளைக்கிழங்கு. வெங்காயம், கறிவேப்பிலை, றம்பை, ஒரு மேசைக்கரண்டி கறித்தூளை ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெயில வதக்கி, இறைச்சியைப் பிரட்டி, எல்லாத்தையும் போட்டு ஒரு லீற்றர் தண்ணியில் குழைய விடுங்க. இறக்கும்போது ஒரு மேசைக்கரண்டி நெய். ஆளுக்கு 800 கலோரி அளவில் இருக்கும். கையுறை கழற்றினா விரல் விறைக்கும், எலும்பு கடிக்க ஏலாது. தூளையும் கூட்டாதீங்க, குளிரில் மூக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

பிளாஸ்க்கில் முதல் கொதிதண்ணி விட்டுப் பத்து நிமிடம் மூடிவைச்சு ஊத்திட்டு, சாப்பாட்டைக் கொதிக்கக் கொதிக்க விளிம்புவரை நிரப்பணும். உள்ளே காற்றிடம் இருந்தா சூடு இறங்கிடும். ராத்திரிச் சோத்தை லேசாச் சூடாக்கி அடைக்கிற வேலையே வேணாம். பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து சோறு வேகும்போது சாகாது. 60 பாகைக்குக் கீழ வெதுவெதுப்பா இருந்தா பெருகி நஞ்சு விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மூடி திறக்கையில் ஆவி வரல்லையா, சாப்பிடாதீங்க. ஒரேயடியா நிறையவும் சாப்பிட வேணாம். பதினொன்றரைக்குப் பாதி, ஒன்றரைக்கு மீதி என்றா பின்னேரம் கால் தளராது.

சட்டைப் பைக்கு உருண்டை: வறுத்த கச்சான் 100 கிராம், வறுத்த எள்ளு 50, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 150, ஒரு சிட்டிகை உப்பு. அரைச்சுப் பத்தாப் பிடிச்சா ஒவ்வொன்றும் 120 கலோரிக்கு மேல. மணிக்கு ஒன்று, லிப்டில் இருக்கும்போதே. சக்கரைப்பாகில் பிடிச்சா குளிரில் கல்லாகிப் பல்லைப் பதம் பார்க்கும். உள்பையில் வையுங்க.

தண்ணி மறக்காதீங்க. மலைக்காற்று வறண்டது, மூச்சோடயே ஈரம் போகும், ஆனா தாகம் தெரியாது. இஞ்சித் தேத்தண்ணி ஒரு லீற்றராவது பிளாஸ்க்கில் இருக்கட்டும்.

மறுமொழி: அண்ணன், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முஸ்லிம் ஆக்களுக்காக இதையும் சேர்க்கிறன். சுவிஸ் மலைக் கடைகளில் பார்லி சூப்பில் அநேகமாப் பன்றி இறைச்சி கிடக்கும். மக்ரோனியும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த எல்ப்ளர்மக்ரோனன் நல்ல சக்தியுள்ள சாப்பாடு, ஆனா சில இடத்தில் அதுக்கும் பன்றித்துண்டு போடுவாங்க. “ஓனெ ஷ்பெக்” (பன்றித்துண்டு இல்லாம) என்று கேட்டு வாங்குங்க. ஃபொண்டூ என்ற உருக்கின பாலாடைக்கட்டியில் வெள்ளை வைன் விடுறது வழக்கம். மாட்டிறைச்சி தொடாத ஆக்கள் பியூண்ட்னர்ஃப்ளைஷ் என்ற உலர்இறைச்சியைத் தவிருங்க, அது மாடு.

மறுமொழி: பின்னேரம் திரும்பின ஒரு மணித்தியாலத்துக்குள்ள சோறும் மீனும் சாப்பிட்டா அடுத்த நாளுக்குக் கால் தேறும். எங்கட எருமைத் தயிர் இங்க கிடைக்காது. பத்து வீதக் கொழுப்புள்ள கிரேக்க யோகட் 200 கிராமில் பாணி விட்டா 300 கலோரி தாண்டும்.

இன்சுலின் போடுறவங்களுக்குக் கட்டாயம் சொல்லணும். ஸ்கீயில் சீனி வேகமா இறங்கும், இரவிலும் இறங்கலாம். மருந்தளவை முதலே வைத்தியரோட பேசுங்க, குளுக்கோஸ் வில்லையைக் கைக்கெட்டும் பையில் வையுங்க. இன்சுலினை முதுகுப்பையில் வைக்காம உடம்போட ஒட்டின பையில் வையுங்க. ஒருக்கா உறைஞ்சா அது இளகினாலும் பாவிக்க ஒண்ணா. சீனி பார்க்கிற மீற்றரும் கடும் குளிரில் வேலை செய்யாது, அதையும் அதே பையில் போடுங்க.