ஒரே தரவுத்தள மென்பொருள், கணினிக்குக் கணினி மாறும் வேகம்: சோதிப்பது எப்படி?

கேள்வி – இருப்புக்கணக்கன்

வணக்கம். விண்டோஸில் இயங்கும் இருப்புக் கணக்கு மென்பொருள் ஒன்றை சி ஷார்ப்பில் எழுதியுள்ளேன். தரவு முழுவதும் ஒரே எஸ்கியூலைட் (தனி சர்வர் இல்லாமல் கோப்பாகவே இயங்கும் தரவுத்தளம்) கோப்பில் இருக்கிறது. எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) உள்ள என் கணினியில் சில நூறு வரிகளை இறக்குமதி செய்வது ஓரிரு விநாடிகளில் முடிகிறது. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியிலோ அதே வேலை அரை நிமிடம் இழுக்கிறது. ஆனால் பொருள் தேடும் வேகத்தில், முதல் தேடலைத் தவிர, இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பயன்படுத்துவோரிடம் எத்தகைய கணினி இருக்கும் என்று தெரியாத நிலையில், இந்த இரண்டை மட்டும் வைத்து நம்பத்தக்க சோதனை செய்ய முடியுமா? குறைந்தபட்சத் தேவை என்று எதை அறிவிப்பது?

பதில் – வட்டுச்சுழல்

உங்கள் விவரிப்பைப் பார்த்தால், ஒவ்வொரு வரியும் தனித்தனி டிரான்சாக்‌ஷனாகப் (ஒன்றாக முழுமையாகப் பதியப்படும் மாற்றங்களின் தொகுப்பாக) பதிவாகிறது என்றே தோன்றுகிறது. ஒவ்வொரு கமிட்டின்போதும், அதாவது அத்தொகுப்பை இறுதியாகப் பதியும்போதும், தரவு உண்மையாகவே வட்டில் எழுதப்பட்டுவிட்டதா என்று எஸ்கியூலைட் காத்திருந்து உறுதிசெய்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்றுகள் சுழலும் வட்டு விநாடிக்கு 120 முறைதான் சுற்றும் என்பதால், விநாடிக்குச் சில பத்து கமிட்டுகளுக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அங்கே பிராசசரின் வேகம் எதையும் மாற்றாது. இறக்குமதி முழுவதையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். இரு கணினிகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

வேகத்துக்காக, இப்படிக் காத்திருக்கச் செய்யும் ‘சிங்க்ரனஸ்’ அமைப்பை அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. கணக்கு மென்பொருளில் அதைச் செய்யாதீர்கள். எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பே சிதைந்துவிடலாம். 2010இல் வந்த 3.7.0 பதிப்பிலிருந்து கிடைக்கும் ‘வால்’ (WAL, மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும்) முறை அதைவிட நல்ல வழி, ஆனால் கோப்பை நெட்வொர்க்கில் வைத்துப் பல கணினிகளிலிருந்து திறப்பதற்கு அது ஏற்றதன்று.

பதில் – அளவுகோல்

மேலே சொன்னதை ஏற்கிறேன். அளக்கும் முறையைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். முதல் தேடல் மெதுவாக இருப்பதற்குக் காரணம், அப்போது தரவுக் கோப்பின் பகுதிகள் வட்டிலிருந்து வருகின்றன, அடுத்த முறை விண்டோஸ் நினைவகத்தில் வைத்திருக்கும் நகலான கேஷிலிருந்து வருகின்றன என்பதே. ஆகவே கணினியை மறுதொடக்கம் செய்தவுடன் எடுத்த அளவையும், பலமுறை ஓட்டிய பின் எடுத்த அளவையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே குறித்து வையுங்கள். பலமுறை ஓட்டிய அளவுகளுக்குச் சராசரியைவிட இடைநிலை மதிப்பே (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) நம்பகமானது. பின்னணியில் ஆன்டிவைரஸ் ஒரே ஒருமுறை விழித்துக்கொண்டாலும் சராசரி கெட்டுவிடும்.

நேரத்தை சி ஷார்ப்பிலுள்ள ‘ஸ்டாப்வாட்ச்’ வகுப்பால் அளப்பது நல்லது. விண்டோஸின் சாதாரண டிக் எண்ணிக்கை 10 முதல் 16 மில்லிவிநாடிகள் என்ற அளவில் தாவித்தாவியே நகரும். வினவல் ஓடிய நேரம், முடிவுகளை வாசித்த நேரம், திரையிலுள்ள அட்டவணைக் கட்டத்தில் நிரப்பிய நேரம் ஆகியவற்றைப் பிரித்துப் பதியுங்கள். பல மென்பொருள்களில் தரவுத்தளத்தின் மீது சுமத்தப்படும் பழி உண்மையில் அந்தக் கட்டத்துக்கே உரியது. மடிக்கணினியாக இருந்தால், மின்னிணைப்பில் ஒருமுறையும் பேட்டரியில் ஒருமுறையும் அளந்துவிடுங்கள்.

இருப்புக்கணக்கன்

இருவருக்கும் நன்றி. ஒரே டிரான்சாக்‌ஷனாக மாற்றியதும் பழைய கணினியிலும் இறக்குமதி ஒரு விநாடிக்குள் முடிகிறது. ரேம் குறைவான கணினியைச் சோதிக்க விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) போதுமா?

பதில் – அளவுகோல்

ரேமுக்குப் போதும், வட்டுக்குப் போதாது; விர்ச்சுவல் மெஷின் எழுதுவதும் கடைசியில் உங்கள் எஸ்எஸ்டியில்தான். ஆகவே அந்தப் பழைய கணினியைக் கைவிடாதீர்கள். சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் கோப்பு எந்த அளவுக்கு வளரும் என்று கணித்து, அந்த அளவுக்குப் போலித் தரவை நிரப்பிய ஒரே கோப்பை இரண்டிலும் ஓட்டுங்கள். சிறிய கோப்பு முழுவதும் நினைவகத்தில் அடங்கிவிடுவதால், இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற பட்டியல்) இல்லாத குறைகூட அதில் வெளியே தெரியாது. தேடல் இத்தனை விநாடிக்குள் முடிய வேண்டும் என்று முதலில் வரையறுத்து, அதை எட்டிய மிகப் பலவீனமான கணினியின் விவரத்தையே குறைந்தபட்சத் தேவையாக அறிவியுங்கள்.