புதுப்பிப்பு: கூடார முகாமிலிருந்து மேலுக்கோட்டை, ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரே நாளில்

பெங்களூரிலிருந்து வந்து பாண்டவபுரம் அருகே கூடாரத்தில் தங்கியிருக்கிறோம். மூட்டுவலி உள்ள அப்பாவுடன் இரு ஊர்களையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. முடிந்தது.

"மேலுக்கோட்டையை முதலில் வையுங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஏழு மணிக்கே கிளம்பினோம். செல்வநாராயணர் சன்னதியில் கூட்டமில்லை. நரசிம்மர் மலைப்படிகளை விட்டுவிட்டோம். கல்யாணிக் குளத்தின் படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் எனக்குக் குறையே தெரியவில்லை. எதிர்பாராதது, கோயிலில் ஒலித்த தமிழ்ப் பாசுரம். இராமானுசர் வாழ்ந்த திருநாராயணபுரம் இதுதான் என்று தெரிந்திருந்தும், கன்னட மண்ணில் அதைக் கேட்டதும் அப்பா கண்கலங்கிவிட்டார்.

புளியோதரை சாப்பிட்டுவிட்டுச் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீரங்கப்பட்டணம். 1784இல் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1780ஆம் ஆண்டுப் போர் ஓவியமாக விரிகிறது. அது நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் நடந்த போர்! அவசியம் நின்று பாருங்கள். அரங்கநாதர் கோயிலுக்கு மாலை நடை திறந்ததும் போனோம். இருட்டுவதற்குள் கூடாரம் திரும்பிவிட்டோம்.