சாவியை உருவிய பின்னும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். என்னுடையது 2013 மாடல், நான்கு சிலிண்டர் டீசல் பிக்கப் வண்டி. தினமும் விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்கிறேன். ஒரு மாதமாக, காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும், இன்ஜின் ஓடத் தொடங்கிச் சாவியை விட்ட பிறகும் ஸ்டார்ட்டர் மோட்டார் நிற்காமல் சுற்றுகிறது. சாவியை உருவினாலும் பயனில்லை. பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினால்தான் நிற்கிறது. சில நாள், மோட்டாருக்குப் போகும் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்சான சாலினாய்டின் மேல் ஸ்பேனரால் தட்டினால் 'டக்' என்று விடுபடுகிறது.

இக்னிஷன் சுவிட்சையும் ரிலேயையும் மாற்றிவிட்டேன். மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சாலினாய்டுக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றியும் அது நிற்கவில்லை என்பதால், கோளாறு சாவிப் பக்கம் இல்லை என்று தெளிந்து, சாலினாய்டைப் புதிதாகப் போட்டோம். பழையதைப் பிரித்தபோது, உள்ளிருந்த செப்புத் தட்டும் இரண்டு போல்ட் தலைகளும் கருகிக் குழி விழுந்து, உருகி ஒட்டிப் பிய்ந்த தடம் நன்றாகத் தெரிந்தது. புதியதும் 18 நாளில் அதேபோல் ஒட்டிக்கொண்டது.

பாட்டரி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. ஸ்டார்ட் செய்யும்போது அதன் முனைகளில் 11.2 வோல்ட் இருக்க, சாலினாய்டின் பெரிய போல்ட்டுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே 8.7 வோல்ட்தான் காட்டுகிறது. மோட்டாரையே முழுதாக மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். காரணம் தெரியாமல் மாற்றினால் அதுவும் எரிந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

கேபிளிலும் எர்த்திலும் ஏற்படும் இந்த 2.5 வோல்ட் இழப்புதான் சாலினாய்டை ஒட்டவைக்கிறதா, அல்லது மோட்டாரே அளவுக்கு மீறிய கரண்ட் இழுக்கிறதா என்பதை எப்படிப் பிரித்தறிவது?