‘கல்ச்சர் கிராஷ்’: வளர்ப்பு வீழ்ச்சியா, நொடிப்பா?

> மொய்னா (மீன்குஞ்சுக்குத் தீனியாக வளர்க்கும் நுண்ணிய நீர்த்தெள்ளு) தொட்டி ‘கிராஷ்’ ஆவதற்கு, கலைச்சொல் பட்டியலில் ‘வளர்ப்பு வீழ்ச்சி’ என்று போடலாமா?

வணக்கம் ஐயா,

வீழ்ச்சி என்றால் விலை வீழ்ச்சிபோல மெல்ல இறங்குவதும் அதில் அடங்கிவிடும். இங்கே நடப்பது வேறு. மாலையில் தொட்டி கொள்ளாமல் துள்ளிக்கொண்டிருந்த மொய்னா, விடிந்து பார்த்தால் அடியில் வெளிறிய படிவாகக் கிடக்கும், தண்ணீர் நாறும். ‘நொடிப்பு’ பொருந்தும் என்பேன். நன்றாக நடந்த கடை நொடித்துப்போயிற்று என்கிறோமே, அதுதான். கணக்கும் ஒன்றுதான்: போட்ட தீனி, தின்று தீர்வதை மிஞ்சிவிடுகிறது.

20 லிட்டர் டப்புக்கு உலர் ஈஸ்ட் அரை கிராம் போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, டப்பில் லேசாகக் கலங்கல் தட்டும்வரை மட்டும் ஊற்றவேண்டும். 24 மணி நேரத்தில் தெளியாவிட்டால் அன்றைக்குத் தீனி கிடையாது. மீந்த ஈஸ்ட் அழுகும்போது பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். பாசி பெருகிப் பச்சையான தண்ணீர் என்றால் இரவில் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். அதனால்தான் சாவு விடியற்காலையில் தெரிகிறது. அதே டப்பில் நடுப்பகல் வெயிலில் பி.எச். 9-ஐத் தாண்டலாம். அப்போது அம்மோனியா நஞ்சு வடிவத்துக்கு மாறிவிடும்.

காற்றுக் குழாயில் கல் (குமிழியைப் பொடியாக்கும் துளைக்கல்) மாட்டாதீர்கள். நுண்குமிழி ஓட்டுக்குள் சிக்கி மொய்னாவை மேலே மிதக்கவிட்டுவிடும். வெறும் குழாயில் பெரிய குமிழி, மெதுவாக வந்தால் போதும்.

---

> ‘நொடிப்பு’ பொருந்தும் என்பேன்.

ஏற்கிறேன், ஆனால் வரையறை வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினாலும் மொய்னா ஒரே நாளில் செத்துவிடும். அது குளோரின் நஞ்சு; நொடிப்பு ஆகாது. ஹைட்ரா (மொய்னாவைப் பிடித்துத் தின்னும் சிற்றுயிர்) புகுந்து நாள்பட எண்ணிக்கை குறைவது சரிவு. மூன்றையும் ‘கிராஷ்’ என்றே சொல்வதால் மருந்தும் மாறிப்போகிறது. நொடிக்கத் தொடங்கிய டப்பில் தீனியை நிறுத்திக் கால்பங்கு தண்ணீர் மாற்றவேண்டும். குளோரினால் செத்ததென்றால் அதே குழாய்த் தண்ணீரை மறுபடி மாற்றுவது மிச்சத்தையும் கொல்லும். திறந்து வைத்தால் ஒரு நாளில் குளோரின் போய்விடும், குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போகாது. அதற்கு தயோசல்பேட் கலந்த மருந்து வேண்டும், அதன்பின் விடுபடும் அம்மோனியாவையும் கவனிக்கவேண்டும்.

ஆகவே பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்: வளர்ப்பு நொடிப்பு – தொட்டியின் சொந்தக் கழிவாலும் ஆக்சிஜன் குறைவாலும் வளர்ப்பு முழுவதும் திடீரென மடிதல். வினை: ‘தொட்டி நொடித்துவிட்டது’.

கூடவே இன்னொரு சொல். நெருக்கடியில் பெண் மொய்னாவின் முதுகில் குதிரைச் சேணம் வைத்ததுபோலக் கருத்த பொதி தெரியும், உள்ளே உறங்குமுட்டை. இதைச் ‘சேணமுட்டை’ எனலாமா? உடல் சிவப்பது ஆக்சிஜன் குறைவுக்கு அடையாளம் என்றால், இது நெரிசலுக்கும் தீனிக் குறைவுக்கும் அடையாளம். நொடித்த டப்பையும் உடனே கழுவிக் கொட்டவேண்டாம். அடி வண்டலை நிழலில் உலர்த்தி எடுத்து வைத்தால், புதுத் தண்ணீரில் போட்டதும் அந்த முட்டைகளிலிருந்து மறுபடி குஞ்சு வரும்.