ஷாட், டேக், செட்டப்: பாடல் காணொளிப் பட்டியலுக்குத் தமிழ்ச் சொற்கள்

குழுமத்தாருக்கு வணக்கம்.

மாணவர் பட்டறைக்கான ஷாட் பட்டியல் படிவத்தைத் தமிழில் அச்சிடப் போகிறோம். பாட்டின் பொருள் துயரம்: வீட்டில் ஒருவர் போன நாளிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரை. பாடல் 4 நிமிடம், குழு ஆறு பேர், படப்பிடிப்பு இரண்டு நாள். முதல் நாள் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு, மறுநாள் பினாங்குக் கடலோரம்.

படிவத்தின் தலைப்பு வரியிலேயே சிக்கல். ஷாட், டேக், செட்டப் மூன்றையும் மாணவர்கள் ஷாட் என்றே சொல்கிறார்கள். "அந்த ஷாட்ட இன்னொரு தடவ போடு" என்றால் கேமராவை நகர்த்துவதா (செட்டப்), லென்ஸ் மாற்றுவதா (ஷாட்), எதையும் தொடாமல் மறுபடி ஓட்டுவதா (டேக்)? கேட்டவர் தனக்குப் புரிந்தபடி செய்வார். விளக்கு ஸ்டாண்டை ஒருவர் கழற்றிவிட்டால் பழைய ஒளியைத் திரும்பக் கொண்டுவர அரை மணி நேரம்.

என் முன்மொழிவு: ஷாட் - எடுப்பு. டேக் - தடவை. செட்டப் - அமைப்பு. 'காட்சி' வேண்டவே வேண்டாம். அது சீனுக்கு நிலைத்துவிட்டது. போதாததற்கு, லாங் ஷாட்டைத் 'தொலைக் காட்சி' என்று எழுதினால் வீட்டில் டிவி ஓட வேண்டுமா என்று கேட்பார்கள்.

உங்கள் கருத்து?

– செந்தூலிலிருந்து

---

> ஷாட் - எடுப்பு

ஐயா, மற்ற படங்களுக்கு இது பொருந்தலாம், பாடல் காணொளிக்கு ஆகாது. தமிழிசையில் எடுப்பு என்றால் பல்லவி. எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்றுதான் பாட்டின் மூன்று பகுதிகளையும் சொல்கிறோம். தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கும் அதே பெயர். படிவத்தில் 'பாடல் பகுதி' என்று ஒரு பத்தி இருந்தே தீர வேண்டும். அங்கே 'எடுப்பு', பக்கத்துப் பத்தியிலும் 'எடுப்பு 2' என்று இருந்தால், இரண்டாம் முறை வரும் பல்லவியா, இரண்டாவது ஷாட்டா?

பாடல் பகுதிப் பத்தியை நிமிடம், நொடியில் மட்டும் எழுதாமல் ஆவர்த்தனத்திலும் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) எழுதச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 75 அட்சரம் (தாள எண்ணிக்கை) ஓடும், சுற்றுக்கு 8 அட்சரம் கொண்ட ஆதி தாளப் பாட்டு என்றால் ஓர் அட்சரம் 0.8 நொடி, ஓர் ஆவர்த்தனம் 6.4 நொடி. 4 நிமிடப் பாட்டில் முப்பத்தேழரை ஆவர்த்தனம். நொடிக்கு 25 சட்டக (ஃபிரேம்) ஓட்டத்தில் ஓர் அட்சரத்துக்குச் சரியாக 20 சட்டகம் விழும். அதே பாட்டு 72இல் இருந்தால் 20.83 சட்டகம். ஒவ்வொரு வெட்டையும் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ள வேண்டிவரும். பாட்டு இன்னும் பதிவாகவில்லை என்றால் இசையமைப்பாளரிடம் இப்போதே 75 கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. தொகுப்பவர் வாழ்த்துவார்.

துயரப் பாட்டுக்கு ஷாட் ஒன்று ஒன்றரை ஆவர்த்தனமாவது நிற்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மொத்தம் 25 போதும். எழுபது ஷாட்டோடு வரும் பட்டியலைப் பாதியாக மடித்துத் திருப்பிக் கொடுக்கலாம்.

– ஜார்ஜ்டவுனிலிருந்து

---

எடுப்பு போனது போகட்டும். தொகுப்பு மேசையிலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

ஷாட் - பிடிப்பு
செட்டப் - நிலை
டேக் - முறை

படப்பிடிப்பு என்று எல்லாரும் சொல்கிறோம், அதில் பாதியை எடுத்துக்கொண்டால் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அண்மைப் பிடிப்பு (குளோஸப்), இடைப் பிடிப்பு (மிட்), சேய்மைப் பிடிப்பு (லாங்) என்று அளவுகளும் ஒட்டிக்கொள்கின்றன. ஒரே ஒரு தொல்லை: உடல் உறுப்பின் பெயரோடு சேர்க்காதீர்கள். பட்டியலில் 'கழுத்துப் பிடிப்பு' என்று பார்த்தால் எவராவது தைலம் கொண்டுவந்து நீட்டுவார். 'கழுத்து, அண்மை' என்று எழுதினால் போதும்.

'அமைப்பு' ஏன் வேண்டாமென்றால், கேமரா மெனுவில் செட்டிங்ஸுக்கு அந்தச் சொல்தான் வழங்குகிறது. நிலை என்பது கேமராவும் விளக்கும் நிற்கும் இடம். ஒரே நிலையில் லென்ஸை மாற்றி மூன்று பிடிப்பு எடுக்கலாம். அதனால்தான் இந்த இரண்டும் தனித்தனிச் சொல்லாக இருந்தாக வேண்டும். பட்டியலை இரண்டு வரிசையில் அச்சிடுங்கள். பாட்டு வரிசைப் பட்டியல் இயக்குநருக்கும் தொகுப்பவருக்கும், நிலை வரிசைப் பட்டியல் களத்தில் இருக்கும் மற்ற எல்லாருக்கும். கிளாப் பலகையில் பிடிப்பு எண்ணும் முறை எண்ணும் மட்டுமே ஏறும், நிலை ஏறாது.

எத்தனை நிலை என்பதுதான் நாளின் நீளத்தை முடிவு செய்யும், எத்தனை பிடிப்பு என்பதல்ல. அனுபவமில்லாத ஆறு பேருக்குப் புதிய நிலை ஒன்றை அமைக்க 40 நிமிடம் ஆகும். ஒரு நாளில் 7 நிலை வைத்தால் அமைப்பதற்கே 4 மணி 40 நிமிடம். பசியாறுவதற்கு ஒரு மணி நேரம், மழைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கோலாலம்பூரில் பிற்பகல் இடி மழையைக் கணக்கில் எடுக்காத பட்டியல் பட்டியலே இல்லை. 25 பிடிப்பையும் 14 நிலைக்குள் அடக்கினால் இரண்டு நாளில் முடியும்.

நிலைக்குள் எதை முதலில் எடுப்பது என்பதில் வழக்கமான பாடம் 'சேய்மை முதலில், அண்மை கடைசியில்' என்று சொல்லும். வெளிப்புறத்துக்கு அது சரி, வெளிச்சம் மாறினாலும் அண்மையில் சமாளித்துவிடலாம். வீட்டுக்குள், அதுவும் அழுகை இருக்கும் இடத்தில், அதைத் தலைகீழாக்குங்கள். மூன்றாம் முறைக்குப் பிறகு கண்ணீர் வராது, வந்தாலும் முகம் களைத்திருக்கும். அண்மையை முதலில் முடித்துவிட்டுச் சேய்மைக்குப் போங்கள். அங்கே தோள் அசைவு மட்டும் தெரிந்தால் போதும்.

பொருள்களுக்கும் இதே விதிதான். படத்துக்குப் போட்ட மல்லிகை மாலை காலை 9 மணிக்கு வெள்ளையாக இருக்கும், மதியத்துக்குள் ஓரம் பழுப்பேறிவிடும். மாலை தெரியும் அண்மைப் பிடிப்புகளை முதல் நிலையிலேயே முடியுங்கள். இரண்டாவது மாலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருங்கள். இறந்தவரின் படத்தில் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் கேமராவும் அதைப் பிடித்திருப்பவரின் சட்டையும் அதில் தெரியும். கழற்ற வராத சட்டம் என்றால் பின்பக்கம் மேல் விளிம்பில் மடித்த அட்டையைச் செருகி, படத்தைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால் பிரதிபலிப்பு தரைப்பக்கம் போய்விடும்.

கோப்புப் பெயர் பற்றி ஒரு வார்த்தை. மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது கொ, தோ போன்ற எழுத்துகள் உள்ளுக்குள் இரண்டு குறியாகப் பிரிந்து சேமிக்கப்படலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தொகுப்பு மென்பொருள் மட்டும் அது வேறு பெயர் என்று நினைத்துக் கோப்பைக் காணவில்லை என்று சொல்லும். 'பிடிப்பு', 'முறை' இரண்டிலும் அந்தத் தொல்லை இல்லை. 'தொடுப்பு' என்று கோப்புக்குப் பெயர் வைக்காதீர்கள்.

கடைசியாக, தலையும் வாலும். ஒவ்வொரு முறையிலும் நடிப்பு தொடங்குமுன் 5 நொடி தலை, முடிந்தபின் 10 நொடி வால். படிவத்தில் இதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

– பிரிக்பீல்ட்ஸிலிருந்து

---

> 5 நொடி தலை, முடிந்தபின் 10 நொடி வால்

அக்கா, சாவு வீட்டுப் பாட்டுக்கு 'வால்' என்று எழுதினால் களத்தில் சிரித்துவிட மாட்டார்களா? தங்கல், நீட்சி மாதிரி ஏதாவது? அப்புறம், 10 நொடி சும்மா ஓடவிட்டால் மெமரி அட்டை நிறைந்துவிடாதா?

– செந்தூல், மாணவர்

---

தம்பி, பட்டியலைப் பார்ப்பவர்கள் உங்கள் ஆறு பேர்தான், பார்வையாளர் இல்லை. தங்கல் என்றால் ஹோட்டல் அறை நினைவுக்கு வரும். நீட்சி என்று எழுதினால் நடிப்பை நீட்டச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். தலை, வால் என்றால் எந்தப் பக்கம் என்று விளக்க வேண்டியதில்லை.

அட்டைக் கவலை வேண்டாம். நொடிக்கு 100 மெகாபிட் 4கே பதிவில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 எம்பி. 15 நொடிக்கு 190 எம்பி கூட வராது. 64 ஜிபி அட்டையில் 80 நிமிடத்துக்கு மேல் போகும்.

துயரத்துக்கு வால் கட்டாயம் என்பதற்குக் காரணம் வேறு. 'கட்' என்ற சொல் கேட்டதும் நடிப்பவரின் தோள் இறங்கும், கண் கேமராவைத் தேடும். அதற்கு முந்தைய சில நொடிகளில்தான் முகம் சொன்னதைச் செய்வதை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்கு இருக்கும். இயக்குநர் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, கட் என்று சத்தம் போடாமல் கையைத் தூக்கினால் போதும். பாட்டையும் அதற்குள் நிறுத்தக் கூடாது. பாட்டு நின்றாலும் அதே கதைதான்.

– பிரிக்பீல்ட்ஸிலிருந்து

---

பிடிப்பு, நிலை, முறை, தலை, வால் எல்லாவற்றுக்கும் என் வாக்கு. கேமரா பக்கத்திலிருந்து இன்னொரு பத்தி கேட்கிறேன்: விரைவொலி.

பாடுபவர் மெல்லோட்டத்தில் (ஸ்லோ மோஷன்) நகர வேண்டும், வாயசைப்பு மட்டும் பாட்டோடு பொருந்த வேண்டும் என்றால், களத்தில் பாட்டை வேகமாக ஓட்டி எடுக்க வேண்டும். அந்த வேகப் பதிப்புக்கு இதுவரை 'ஸ்பீட் டிராக்', 'டபுள்', 'ஃபாஸ்ட் பாட்டு' என்று ஆளுக்கொரு பெயர். விரைவொலி என்று எழுதிப் பக்கத்தில் விழுக்காட்டைப் போட்டால் முடிந்தது.

நொடிக்கு 50 சட்டகத்தில் எடுத்து 25இல் ஓட்டுவது என்றால் விரைவொலி 200. 75 அட்சரப் பாட்டு 150 ஆகிவிடும். பாடுபவர் திணறுவார், ம, ப வரும் இடங்களில் உதடு முழுதாக மூடாது. மெல்லோட்டத்தில் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். துயரத்துக்கு அவ்வளவு மெதுவும் தேவையில்லை. 30 சட்டகத்தில் எடுத்து 25இல் ஓட்டுங்கள், விரைவொலி 120. உதடு இயல்பாக இருக்கும். நடையிலும் கண் இமைப்பதிலும் ஒரு பாரம் ஏறியிருக்கும், பார்ப்பவருக்கு ஏனென்று தெரியாது.

கவனிக்க: மெனுவில் 30 என்று போட்டிருந்தாலும் பெரும்பாலான கேமராக்களில் அது 29.97தான். எனவே பாட்டை 119.88 விழுக்காட்டில் தயாரியுங்கள். சரியாக 120 வைத்தால், முடிந்த காணொளியில் 4 நிமிட முழு ஓட்டத்தின் கடைசிக்கு வரும்போது வாய் 6 சட்டகம் விலகியிருக்கும். சில கேமராக்கள் 25இலிருந்து 30க்கு மாறும்போது அட்டையை ஃபார்மட் செய்யச் சொல்லும். எடுத்ததைப் பிரதி எடுக்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 25இலும் 30இலும் ஷட்டர் 1/50 நொடி, 50 சட்டகத்துக்கு 1/100. பழக்கத்தில் 1/60 வைத்தால் குழல்விளக்கு உள்ள சமையலறை முழுக்கப் படத்தில் துடிக்கும். மலிவான எல்இடி விளக்குகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. படப்பிடிப்புக்கு முந்தைய நாளே அந்த வீட்டு விளக்குகளில் பத்து நொடி எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள்.

மெல்லோட்டத்தில் எடுக்கும்போது பல கேமராக்கள் ஒலியைப் பதியாது. அதனால் தலையின் 5 நொடியில், விரைவொலியின் நேரம் ஓடும் கைப்பேசித் திரையை லென்ஸுக்கு முன்னால் காட்டுங்கள். தொகுப்பவர் அந்த எண்ணை வைத்துப் பொருத்திக்கொள்வார். விரைவொலிக் கோப்பின் தொடக்கத்தில் 8 அட்சர எண்ணிக்கைச் சத்தம் சேருங்கள்.

கடலோரத்தில் ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 14 மீட்டர் தள்ளியிருந்தால் பாட்டு ஒரு சட்டகம் தாமதமாகத்தான் காதுக்குப் போகும். சேய்மைப் பிடிப்பில் பாடுபவர் 50 மீட்டர் தொலைவில் நிற்கலாம். சிறிய ஒலிபெருக்கி ஒன்றை அவர் காலடியில், பாறைக்குப் பின்னால் மறைத்து வையுங்கள்.

பினாங்கு என்றதும் எல்லாரும் சூரிய அஸ்தமனத்தை எழுதிவிடுகிறார்கள். ஜார்ஜ்டவுன் படகுத்துறைகள் கிழக்கே பட்டர்வொர்த்தைப் பார்த்திருக்கின்றன, அங்கே கிடைப்பது விடியல். அஸ்தமனம் வேண்டுமென்றால் தீவின் மேற்கே பாலிக் புலாவ் பக்கம் போக வேண்டும். எதுவானாலும் நமக்கு அந்தி மங்கல் 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான், அதற்குள் ஒரு நிலை, இரண்டு பிடிப்பு. உச்சி வெயில் இங்கே 12 மணிக்கு இல்லை, 1 மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவில். அந்த நேரத்தில் கண்குழிகள் கறுத்துவிடும். கடைவரிசையின் கூரையுள்ள ஐந்தடி நடைபாதைக்குள் ஒதுங்கி எடுங்கள், தெருவில் படும் வெயில் பக்கவாட்டில் எகிறி முகத்துக்கு மென்மையாக வரும்.

ஏர்கோன் அறையிலிருந்து கேமராவை நேரே கடலோரத்துக்குக் கொண்டுபோனால் லென்ஸில் பனி பூத்துவிடும். துடைத்தாலும் திரும்ப வரும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். விடியலுக்கு எடுப்பதானால் அந்த அரை மணியையும் பட்டியலில் எழுதுங்கள்.

– பாயான் லெப்பாஸிலிருந்து

---

நன்றி. எடுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். படிவத்தின் பத்திகள் இப்படி: பிடிப்பு, பாடல் பகுதி, ஆவர்த்தனம், நிலை, அளவும் லென்ஸும், விரைவொலி, தலை/வால், பொருள்கள். நிரப்பிய மாதிரி வரி ஒன்று:

பிடிப்பு 9 | தொடுப்பு | 14–15 | நிலை 3 | அண்மை, 85 | இல்லை | 5/10 | காமாட்சி விளக்கு, சாம்பிராணி, காத்தாடி நிறுத்தம், புகைக்குப் பின்னொளி, கறுப்புத் திரை

இன்சர்ட்டுக்கு (இடையில் சேர்க்கும் பொருள் அல்லது கை போன்ற தனிப் பிடிப்பு) 'செருகு' என்று போட்டிருக்கிறேன், மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். கவரேஜுக்கு (ஒரே பகுதியைப் பல அளவில் எடுத்து வைப்பது) தனிச் சொல் தேவைப்படவில்லை. பாட்டை முழுதாக மூன்று அளவில் ஓட்டி எடுப்பதை 'முழு ஓட்டம்' என்றே எழுதிவிட்டேன். படிவம் அ4 தாளில் குறுக்குவாக்கில் அச்சாகும். நிலை வரிசைப் பிரதிக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை உண்டு.

– செந்தூலிலிருந்து