புதுப்பிப்பு: கோதுமைத் தீவனமும் சைலனேஸும்

மக்காச்சோள விலையைத் தாங்க முடியாமல் பிராய்லர் தீவனத்தில் உடைந்த கோதுமையைச் சேர்த்ததும், எச்சம் பிசுபிசுத்து உமிப் படுக்கை நனைந்துபோனதும், அதற்குத் தீவனத்தில் கலக்கும் சைலனேஸ் என்னும் நொதியை (என்சைம்) வாங்கலாமா என்று இங்கே கேட்டதும் நினைவிருக்கும். வாங்கிவிட்டேன். பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில் உள்ள கொட்டகையில் படுக்கை இப்போது உலர்ந்திருக்கிறது. அம்மோனியா நெடியும் தணிந்திருக்கிறது.

காரணத்தை ஹெப்பாளில் கால்நடை மருத்துவம் படிக்கும் தங்கை மகள் விளக்கினாள். கோதுமையிலுள்ள அரபினோசைலான் என்னும் நார்ப்பொருளில் ஒரு பகுதி நீரில் கரைந்து, குடலுக்குள் கஞ்சியைப்போல் கெட்டியாகிறது. கோழியின் சொந்த நொதிகள் சத்துகளுடன் கலக்கத் திணறுகின்றன. அதிகம் அடிபடுவது கொழுப்புச் செரிமானம். சைலனேஸ் அந்த நீண்ட சங்கிலியை நடுநடுவே வெட்டிவிடுகிறது. பார்லி சேர்த்தால் பீட்டா குளுக்கனேஸ் என்னும் வேறு நொதி வேண்டும்.

மக்காச்சோளத்துக்கும் போடலாமா என்று கேட்ட நாமக்கல் அண்ணனுக்கு: அதில் கரையும் நார் மிகக் குறைவு, இப்படிக் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். பன்றிக்கும் இந்தப் பிசுபிசுப்புத் தொல்லை கோழி அளவுக்கு இல்லை. அதன் குடலில் நீர் அதிகம், பெருங்குடல் நுண்ணுயிர்களும் நாரை நொதிக்க வைக்கின்றன.

குருணைத் தீவனம் வாங்குவோர் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: குருணையாக்கும்போது நீராவியில் தீவனத்தின் சூடு 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பாதுகாப்புப் பூச்சு இல்லாத நொதி பெரும்பாலும் செயலிழக்கும். நான் தூளாகவே போடுவதால் அந்தக் கவலை இல்லை. விற்பனையாளர் நான்கு நொதிகளைச் சேர்த்து வாங்கச் சொல்கிறார். தீவனத்தில் இவ்வளவு ஆற்றல் மிச்சமாகும் என்று ஒவ்வொரு நொதிப் பையும் சொல்லும் அளவை அப்படியே கூட்டிக் கணக்குப்போட முடியாது என்பதால் மறுத்துவிட்டேன்.